மலாயாத் தமிழ்க் கதைகளில் மாந்தர் கூடும் வகை

கதை எழுதப் புகுவாருக்கு முதற்கண் எதிர்ப்படும் இடர் யாது என வினவின், கரு என்பார் சிலர். நடை என்பார் சிலர். அவ்விரண்டினும் முந்தியதோர் இடர் உண்டு. ஒருவரையொருவர் அறியாத நால்வர் ஐவரை ஓரிடத்திற் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்திய பின் அவர்கள் தத்தம் வழியே பிரிந்து போகாதிருக்கத் தக்க காரணமும் காட்ட வேண்டும். இதில் தடுமாறிய கதை பின்னர் எத்துணை அழகாக நடந்தாலும் படிப்பவர் நெஞ்சில் ஓர் ஐயம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பழந்தமிழ் அகப்பாடல்களுக்கு இவ்விடர் இல்லை. தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன், பாணன் ஆகியோர் கூட்டப்படுபவர் அல்லர். ஓர் ஊரும் ஒரு வாழ்க்கையும் அவர்களை முன்பே கூட்டி வைத்துள்ளன. காப்பியத்திற்கு வரும்போதுதான் வழிப்பயணம் வேண்டப்படுகிறது. புகாரை விட்டு மதுரைக்கு நடக்கும் இருவரோடு கவுந்தியடிகள் வந்து சேர்வதும், கலம் உடைந்து கரையேறிய சாதுவன் நாகர் நடுவே நிற்பதும் இவ்வகையின. மேலைநாட்டிலும் இதே நிலைதான். 1348-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்கு அஞ்சிப் பிளாரன்ஸ் நகரை நீங்கிய பதின்மரை ஒரு மாளிகையிற் சேர்த்தார் பொக்காச்சியோ. புனிதப் பயணம் செல்வோரை ஒரு சத்திரத்திற் சேர்த்தார் சாசர். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் வேடமேற்பு விளையாட்டை ஆடும் இளைஞரும் தம் கதையை ஒரு மதுக்கடையில் முன்பின் அறியாதார் சந்திப்பதாகவே பெரும்பாலும் தொடங்குகின்றனர். அறுநூறு ஆண்டு கடந்தும் சத்திரத்தின் வேலை முடியவில்லை போலும்.

மலாயாத் தமிழ் எழுத்தாளருக்குச் சத்திரம் வேண்டியதில்லை. மாந்தரைக் கூட்டும் வேலையை அவருக்கு முன்பே வரலாறு செய்து முடித்திருந்தது. அது செய்த முறை அன்பானதன்று என்பதே அவர் கதைகளின் வலிமைக்கும் வலிக்கும் காரணமாயிற்று.

கிள்ளானை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் காண்பர். கோலாலம்பூரிலிருந்து அவ்வட்டாரத்திற்கு 1886-இல் புகைவண்டிப் பாதை வந்தது. ஆற்றுத் துறை போதாமையால் 1901-இல் கழிமுகத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்குவது அதுவே. அதன்பின் சில ஆண்டுகளில் சுற்றுப்புறம் முழுதும் இரப்பர்க் காடாயிற்று. காட்டிற்கு ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்டக்காரரிடம் வரி பெற்று ஆட்களின் கப்பற் செலவை ஏற்றது. ஆள் சேர்க்கும் பொறுப்பு கங்காணிக்கு வந்தது.

கங்காணி வேற்றார் அல்லர். அதே தோட்டத்தில் மரம் வெட்டியவர். கையில் உரிமத்தோடு தம் ஊருக்குச் சென்று உறவினரையும் அயலாரையும் அழைத்து வருவார். வந்தவர் நாள்தோறும் வேலைக்கு இறங்கும் கணக்கின்படி அவருக்குத் தலைக்காசு கிடைக்கும். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் சில நாள் தங்கிக் கப்பலேறுவர். பிற்காலத்தார் நினைவில் அழியாது நிற்கும் ‘ரஜூலா’ 1926-இல் கட்டப்பெற்றது. சென்னை, நாகை, பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. உதவிப்பணம் பெற்றுத் தொழிலாளர் வருவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்தது. அதற்குள் மலாயாவில் இந்தியர் தொகை ஆறு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

ஈண்டு ஒரு பிழையான வழக்கைச் சுட்டுதல் தகும். கப்பலில் முன்பின் அறியாதார் சந்தித்து, கரையிறங்குமுன் உடன்பிறப்புகள் போல் ஆவதாகக் கதை தொடங்குவது நம்மவரிடையே பெருவழக்கு. கேட்க இனிதாக இருக்கிறது. ஆயின் கங்காணி முறை ஆள் சேர்த்த வகையை நோக்கின், ஒரு குழுவில் வந்தவருட் பலர் ஒரே ஊரினர். பல வேளைகளில் ஒரே சாதியினர். ஊர்ப்பகையும் கடனும் அவர்களோடு கப்பலேறின. தோட்டத்திலும் சாதி பார்த்து லயம் ஒதுக்கிய இடங்கள் இருந்தன. ஆகவே தொடக்கக் காலக் கதைக்கு வேண்டிய கேள்வி, அறியாதார் எவ்வாறு அறிமுகமாயினர் என்பதன்று. அறிந்தவர் அயல்மண்ணில் எவ்வாறு மாறினர் என்பதே. இக்கேள்வியை எடுத்துக்கொண்ட கதைகள் மிகச் சில.

மலாயாவில் எழுந்த முதல் தமிழ் நாவலாகப் பலரும் குறிப்பது க. வெங்கடரத்தினம் எழுதிய ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’, ஆண்டு 1917. அதன்பின் நெடுங்காலம் இந்நாட்டுத் தமிழ்க் கதை தாயகத்துக் கதையின் நிழலாகவே நடந்தது. மாற்றத்திற்கு வழிசெய்தவற்றுள் ஒன்று தமிழாசிரியர்கள் சிறப்பாக நினைக்கத்தக்கது. 1950-ஆம் ஆண்டு, கோலாலம்பூரில் 1924 முதல் நடந்துவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ் ‘கதை வகுப்பு’ ஒன்றைத் தொடங்கிற்று. கந்தசாமி வாத்தியார் என்ற பெயரில் சுப. நாராயணனும், வானம்பாடியார் என்ற பெயரில் பைரோஜி நாராயணனும் பாடம் நடத்தினர். எழுத விரும்பியோர் பயிற்சி எழுதி அனுப்ப, அவை திருத்தி மதிப்பிடப்பெற்றன. கரும்பலகையும் மணியும் இல்லாத இவ்வகுப்பில் பயின்றோர் பின்னர் நாடறிந்த எழுத்தாளராயினர். ஒருவரையொருவர் காணாத எழுத்தாளரைத் தாளின் மேலே கூட்டிய வகுப்பு அது. தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோயிற்று.

அத்தலைமுறைக்குப் பின் தோட்டம் கதைக்களமாக நிலைபெற்றது. தோட்டக் கதைகளில் மாந்தரைக் கூட்டும் இடங்கள் பல: குழாயடி, கள்ளுக்கடை, பால் கொட்டகை, மாரியம்மன் கோயில், ஆயா கொட்டகை. வாத்தியார் வீட்டுத் திண்ணையையும் சேர்க்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி இருத்தல் வேண்டுமென 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ வாத்தியாராக இருந்தார். எழுத்தறிந்தவர் அவர் ஒருவரே ஆகையால் ஊருக்குப் போகும் கடிதமும் ஊரிலிருந்து வரும் கடிதமும் அவர் கண்ணிற் பட்டே தீரும். ஒரு லயத்தின் மறைபொருள் அனைத்தும் அறிந்த ஒருவர் கதைக்குள் இருப்பது எத்துணை வாய்ப்பு என்பதை ஆசிரியரே நன்கு உணர்வர்.

ஆயினும் இவ்வனைத்தினும் சிறந்தது பெரட்டுக்களம். ஆங்கிலப் ‘பரேட்’ என்பதன் திரிபு இச்சொல். தனித்தமிழ் ஆர்வலர் முகம் சுளிப்பர். ஆனால் இதற்கு ஈடாக வேறு சொல்லை எந்தத் தோட்டத்தாரும் ஆண்டதில்லை. விடியுமுன் மணி அடிக்கும். உளியும் வாளியும் காண்டாக் கம்புமாக ஆடவரும் பெண்டிரும் அலுவலகத்தின் முன் வரிசையில் வந்து நிற்பர். கைக்குழந்தைகளை ஆயா கொட்டகையில் விட்டு ஓடிவரும் தாய்மார் கடைசியாக வந்து சேர்வர். விளக்கின் அடியில் கிராணி பேரேட்டைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். அருகில் தண்டல் நிற்பார். சில நாளில் துரையும் நிற்பார். பெயர் கேட்டவர் குரல் கொடுக்க வேண்டும். அதன் பிறகே அன்றைய நிரை இன்னது என்று தெரியும்.

கதை எழுதுவோர்க்கு இதனினும் எளிய வாயில் வேறில்லை. ஒரு பக்கத்தில் பத்து மாந்தரை அறிமுகம் செய்யலாம். உரக்கக் குரல் கொடுப்பவன் யார், முணுமுணுப்பவள் யார், பெயர் கேட்டதும் பின்னால் நிற்பவர் எதற்குச் சிரிக்கின்றனர் என்பவற்றால் அவரவர் இயல்பு விளங்கிவிடும். யார் எவருக்கு மேல், யார் எவருக்குக் கீழ் என்பதும் நிற்கும் இடத்தாலேயே தெரியும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு பெயருக்குக் குரல் வராது. கிராணி மறுமுறை கூப்பிடுவார். அமைதி. அந்த இடத்தில் கதை தொடங்கிவிட்டது.

கூப்பிடுபவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் யாழ்ப்பாணத்தாராகவோ மலையாளியாகவோ தமிழ்நாட்டாராகவோ இருப்பார். ஆங்கிலம் அறிந்தவர், துரைக்கும் தொழிலாளிக்கும் இடைப்பட்டவர். பல கதைகளில் அவர் கொடியவராகவே வருகிறார். அவ்வாறு இருந்தோர் பலர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பேரேடு அவர் கையில் இருந்ததே அன்றி, அதில் யார் பெயர் இருக்க வேண்டும் என்னும் அதிகாரம் அவர் கையில் இல்லை. இவ்வேறுபாட்டைக் கண்டுகொண்ட எழுத்தாளர் படைத்த கிராணி உயிருள்ள மாந்தராகிறார். ஏனையோர் படைத்தவர் கூத்துமேடை அரக்கராக நின்றுவிடுகிறார்.

பெரட்டில் ஒரு தோட்டத்தாரே கூடுவர். பல தோட்டத்தார் ஒன்றுகூடியது 1941-இல். தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலானோர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாகத் தொழிலாளரைத் திரட்டினர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பன கோரிக்கைகளுட் சில. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. மிதிவண்டி சிறு பொருள். ஆயினும் தோட்ட எல்லையைத் தாண்டி மற்றொரு தோட்டத்தாரை மாலைப்போதில் சென்று காணும் வாய்ப்பை அதுவே தந்தது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் மேலும் பரவ, அம்மாதம் 16-ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாவலுக்கு வேண்டிய அனைத்தும் உள்ள இந்நிகழ்ச்சி கதைகளில் பெற வேண்டிய இடத்தை முழுதும் பெற்றுவிட்டதாகச் சொல்ல இயலாது.

அதே ஆண்டு டிசம்பரில் சப்பானியர் வந்தனர். பெரட்டுக்களத்தின் பேரேடு மிகக் கொடிய வேலைக்குப் பயன்பட்டது அப்போதுதான். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1942-இலும் 1943-இலும் போடப்பட்டது. அதற்கு நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேரும், ஆசியத் தொழிலாளர் 1,80,000-க்கு மேற்பட்டோரும் கொண்டுசெல்லப்பட்டனர். கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியரில் மாண்டோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடுவர். அவருள் மலாயாத் தோட்டத்துத் தமிழர் பெருந்தொகையினர். தோட்டத்திற்கு இத்தனை பேர் என்று கேட்கப்பட்டபோது பட்டியல் எழுதியாக வேண்டியிருந்தது. நல்ல கூலி, விரைவில் திரும்பலாம் என்ற சொல்லை நம்பிச் சென்றோர் பலர். இலவசப் படக்காட்சிக்கு அழைத்துக் கதவை அடைத்துப் பிடித்துச் சென்ற செய்திகளும் அக்காலத்தார் நினைவுகளில் உள்ளன. கைதிகளின் கதையை உலகம் அறிந்தது. தமிழரின் கதை ஐம்பது ஆண்டுவரை வீட்டுப் பேச்சாகவே இருந்தது. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ 1993-இல் வெளிவந்தது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2005-இல் வெளிவந்தது.

இந்நாவல்களில் மாந்தர் கூடும் வகையைக் கூர்ந்து நோக்குதல் நன்று. சரக்குப் பெட்டியில் அடைபட்டுச் செல்வோர் பல தோட்டத்தார், பல சாதியார், சிலர் நகரத்தார். ஊரும் உறவும் இப்பொழுதுதான் உண்மையாகவே அறுபடுகின்றன. கப்பற் கதைகள் தவறாகக் கற்பித்த அந்த முன்பின் அறியாத கூட்டம் இங்கேதான் மெய்யாகவே தோன்றுகிறது. இக்கூட்டம் வளர்வதில்லை, குறைகிறது. முகாமில் காலைதோறும் எண்ணிக்கை எடுக்கும்போது குரல் வராத இடங்கள் மிகுகின்றன. பெரட்டுக்களத்தில் ஒருவன் வாராதது கதையின் தொடக்கம். சயாமில் வந்து நிற்பவனே வியப்புக்குரியவன்.

மக்கள் தாமே முன்வந்து பெயர் கொடுத்த பட்டியலும் அக்காலத்தில் ஒன்று உண்டு. அது இந்திய தேசிய இராணுவத்தின் பட்டியல். 1943-இல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் சேர்ந்தனர். பெரட்டில் கடைசியாக வந்து நின்றவள் துப்பாக்கி ஏந்தி முன்வரிசையில் நின்றாள். சயாமுக்குத் தப்பும் வழியாக இராணுவத்தில் சேர்ந்தவரும் இருந்தனர் என்பதனை மறைக்க வேண்டுவதில்லை. அதனால் அவர் துணிவு குறைந்துவிடாது. ரெங்கசாமியின் ‘இமையத் தியாகம்’ இப்படையின் வரலாற்றை எடுத்துக்கொண்டது.

இதற்கு மாறான கூட்டம் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் காணப்படுவது. 1972-இல் அச்சேறிய அந்நாவலில் வருவோர் வட்டிக்கடையினரும் வணிகரும். மேடானிலிருந்து பினாங்குக்குத் தொங்கானில் ஏறும்போது அவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தம் செலவில், தம் கணக்கில் ஏறுகின்றனர். புயல் அவர்களை ஒன்றாக்குகிறது. கரை மீண்டும் பிரிக்கிறது. அவர்கள் பேச்சில் உள்ள கிண்டலும் துள்ளலும் தோட்டத்து மாந்தர் பேச்சில் அத்துணை இல்லை என்று குறை கூறுவார் உளர். விரும்பியபோது எழுந்து போகக் கூடியவன் பேசும் பேச்சு வேறு. பேரேட்டில் பெயர் உள்ளவன் பேசும் பேச்சு வேறு. குறை எழுத்தாளருடையது மட்டும் அன்று.

போருக்குப் பின்னும் பட்டியல் ஓயவில்லை. 1948-இல் அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்ட லயங்களும் முள்வேலிக்குள் அடங்கின. அரிசி அளந்து தரப்பட்டது. கிள்ளானுக்குத் தெற்கே ஓடும் ஆற்றின் பெயர் தாங்கிய ‘லங்காட் நதிக்கரை’ இக்காலத்தை ஒட்டிய நாவல். 1969-இல் குடியுரிமை இல்லாதார் வேலை பெர்மிட் பெற வேண்டுமென்ற நிலை வந்தபோது சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். முப்பது நாற்பது ஆண்டு இம்மண்ணில் உழைத்தவர் அவர். ஒரே வீட்டில் கணவனுக்கு நீலக் கார்டு, மனைவிக்குச் சிவப்புக் கார்டு என்று இருந்ததுண்டு. கூட்டிய கப்பலே பிரித்தும் கொண்டு சென்றது.

தோட்டம் கலைந்த கதை விரித்துரைக்க வேண்டாதது. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள எவரும் சாளரத்தைத் திறந்தால் காணலாம். 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலமும், சுபாங் ஜெயாவும் இரப்பர் நின்ற நிலங்களே. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகளும் இடிக்கப்பட்டன. பெரட்டுக்களம் போயிற்று. மாந்தரைக் கூட்டும் கருவி கையைவிட்டுப் போனதால் எழுத்தாளர் சிலர் மீண்டும் மீண்டும் பழைய லயத்திற்கே திரும்புகின்றனர். அந்நாளைத் தாமே வாழ்ந்தறிந்த சீ. முத்துசாமி போன்றோர் ‘மண்புழுக்கள்’ எழுதும்போது அது உயிரோடு இருக்கிறது; கேட்டறிந்தவர் எழுதும்போது லயமும் மாரியம்மன் கோயிலும் அட்டைப்படமாகிவிடுகின்றன. நகரத்தை நேரே நோக்கியவரும் உளர். ம. நவீனின் ‘சிகண்டி’ 2021-இல் வந்தது. கோலாலம்பூரின் சௌகிட் வட்டாரம் அதன் களம். திருநங்கையரும் பிழைப்புத் தேடி வந்தோரும் அங்கே வந்து சேர்வதற்குக் கங்காணியும் இல்லை, கிராணியும் இல்லை. அவர்கள் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை என்பதே அவர்களை ஒரு கூட்டமாக்குகிறது.

இன்னும் எழுத்தாளர் கண்ணில் முழுதும் படாத கூட்டம் ஒன்று உண்டு. தோட்டம் அழிந்த பின்னும் பல இடங்களில் அதன் கோயில் மட்டும் வீட்டுமனைகளுக்கும் ஆலைகளுக்கும் நடுவே நின்றுவிட்டது. ஆண்டுத் திருவிழாவன்று அடுக்குமாடிகளிலிருந்தும் தூரத்து ஊர்களிலிருந்தும் பழைய தோட்டத்தார் அங்கு வந்து கூடுகின்றனர். லயத்தில் அடுத்த வீட்டார் யார் என்பதை அங்குதான் பேரப்பிள்ளைகள் முதன்முதலிற் கேட்டறிகின்றனர். தேர் புறப்படுமுன் ஒலிபெருக்கியின் எதிரே ஒருவர் தாளை விரித்து, உபயகாரர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார்.